ஒரே கண்ணாடி, ஒரே அளவு, வேறு ஓட்டம்: காரணம் மணியின் வடிவமா, உராய்வா?

கேள்வி கேட்டவர் ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடி உருண்டைகளை ஹாப்பரில் (அடியில் வாய் உள்ள புனல் வடிவக் கலம்) நிரப்பி வாயைத் திறந்தால் அவை சீராக இறங்குகின்றன. அதே கண்ணாடியை உடைத்து, அதே சல்லடையில் சலித்தெடுத்த சில்லுகளை அதே ஹாப்பரில் போட்டால் தயங்கித் தயங்கி இறங்குகின்றன, சில வேளைகளில் முற்றாக நின்றும்விடுகின்றன. இதற்கு உராய்வு காரணமா, வடிவம் காரணமா என்பது அவருடைய முதல் கேள்வி. கணினிச் சிமுலேஷனில் உருண்டைகளையே வைத்துக்கொண்டு உராய்வுக் குணகத்தை மட்டும் கூட்டினால் சில்லுகளின் ஓட்டம் கிடைத்துவிடுமா என்பது இரண்டாவது. கூர்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விதான்: ஒரு மணியின், அதாவது உருண்டையோ சில்லோ ஆன ஒரு தனித் துகளின், வடிவத்தை உராய்வு என்கிற ஒற்றை எண்ணுக்குள் அடக்கிவிட முடியுமா? மணித்திரள்களின் ஓட்டத்தைச் சோதனைச்சாலையிலும் கணினியிலும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் என் பதில், ஓரளவுக்கு முடியும் என்பதே. அந்த அளவு எங்கே முடிகிறது, ஏன் அங்கே முடிகிறது என்பதைத்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உராய்வு என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு அளவுகளைக் குறிக்கிறோம். ஒரு மணி இன்னொரு மணியைத் தொடும் புள்ளியில், ஒன்றின் மேல் மற்றொன்று வழுக்குவதற்கு முன் எவ்வளவு பக்கவிசையைத் தாங்கும் என்பது தொடுபுள்ளி உராய்வு. கோடிக்கணக்கான மணிகள் சேர்ந்த திரள், தன்மேல் அழுத்தும் விசையில் எந்தப் பங்கு வரை சறுக்குத் தகைவை (அடுக்குகளைப் பக்கவாட்டில் நழுவச் செய்ய முனையும் விசையை) தாங்கிவிட்டுப் பிறகு நகரத் தொடங்கும் என்பது திரளின் உராய்வு. 1773இல் பிரெஞ்சு அறிவியலாளர் கூலும் மண்ணின் அழுத்தத்தைக் கணக்கிட்டபோது கையாண்டது இந்த இரண்டாவதைத்தான். குவியலின் சரிவுக் கோணத்தில் நாம் கண்ணால் காண்பதும் ஏறத்தாழ அதுவே. சிமுலேஷனில் உராய்வுக் குணகம் என்று நாம் எழுதுவதோ முதலாவது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றும் அதே அளவு கூடும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அது தவறு, அந்தத் தவறிலிருந்துதான் இந்தக் கேள்வியே பிறக்கிறது.

தொடுபுள்ளி உராய்வே சிறிதும் இல்லாத உருண்டைகளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவை தண்ணீர்போல் ஓடிவிடும் என்றுதான் தோன்றும். சிமுலேஷன் காட்டுவது வேறு: அந்தத் திரளின் உராய்வு பூச்சியமாவதில்லை, ஏறத்தாழ 0.1 அளவில் நிற்கிறது. சரிவுக் கோணமாகச் சொன்னால் அது ஆறு பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒரு மணி அடுத்த மணியைக் கடக்க வேண்டுமானால் அதைச் சுற்றியோ ஏறியோதான் போக வேண்டும் என்பதால், அடுக்கின் வடிவியலே ஒரு தடையாக நிற்கிறது. இனித் தொடுபுள்ளி உராய்வைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் திரளின் உராய்வும் முதலில் வேகமாக ஏறுகிறது. ஆனால் தொடுபுள்ளிக் குணகம் ஏறத்தாழ 0.5ஐ எட்டியதும் ஏற்றம் களைத்துப்போகிறது. அதற்கு மேல் 1 என்று வைத்தாலும் 10 என்று வைத்தாலும் மிக மெதுவாக நகரும் உருண்டைத் திரளின் உராய்வு 0.4 என்ற அளவைச் சுற்றியே நின்றுவிடும்.

ஏன் நிற்கிறது என்பதில்தான் இந்தப் பதிலின் சாரம் இருக்கிறது. வழுக்க முடியாத உருண்டைக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது: அது உருளலாம். தொடுபுள்ளியை எவ்வளவு சொரசொரப்பாக்கினாலும் உருளுதலை அது தடுக்காது, பற்சக்கரங்களைப் போல உருளுதலைக் கட்டாயப்படுத்தத்தான் செய்யும். முழுச் சுதந்திரமாக உருளவும் முடியாது என்பது உண்மைதான். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் மூன்று பற்சக்கரங்கள் ஒரே தளத்தில் சுழல முடியாதல்லவா, அதுபோல ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளையமாகத் தொட்டு நிற்கும் மணிகளில் எங்காவது ஒரு தொடுபுள்ளி வழுக்கியே ஆக வேண்டும். திரள் முழுவதும் இத்தகைய வளையங்கள் நிறைந்திருப்பதால்தான் உராய்வு ஓரளவுக்கேனும் பயன் தருகிறது. ஆனால் இந்தத் தடையும் பகுதியளவானதே. உருளும் வழி திறந்திருக்கும்வரை வழுக்கும் வழியை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் திரள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

வடிவம் அந்த உருளும் வழியை அடைக்கிறது. இரண்டு உருண்டைகள் ஒரு புள்ளியில் மட்டுமே தொட முடியும், அந்தப் புள்ளியில் செயல்படும் அழுத்துவிசை எப்போதும் மணியின் மையத்தை நோக்கியே போகும், ஆகவே அந்த விசையால் மணியின் சுழற்சியைத் தடுக்க இயலாது. தட்டையான முகங்கள் உள்ள இரண்டு சில்லுகள் முகத்தோடு முகம் பொருந்தி நிற்கும்போது, அழுத்துவிசை அந்த முகத்தின் பரப்பில் எந்த இடத்துக்கும் நகர்ந்து மையத்திலிருந்து விலகிச் செயல்பட முடியும். சில்லைச் சுழற்ற முனையும் திருப்புவிசையை அது எதிர்த்து நிற்கும். உருள முடியாத சில்லு வழுக்கத்தான் வேண்டும், வழுக்கும்போதுதான் தொடுபுள்ளி உராய்வு முழு வலிமையோடு வேலை செய்யும். எனவே வடிவமும் உராய்வும் தனித்தனியாக அளந்து கூட்டிக்கொள்ளத்தக்க இரண்டு பங்குகள் அல்ல. உராய்வு பயன்பட வடிவம் இடமளிக்கிறது, வடிவம் கொடுக்கும் பிடியை உராய்வு நிலைநிறுத்துகிறது. உங்கள் சோதனையில் கண்ணாடி ஒன்றேதான், ஆகவே தொடுபுள்ளி உராய்வு இரண்டிலும் பெரிதாக வேறுபட வாய்ப்பில்லை. இருந்தும் உருண்டைகளின் குவியல் 22 முதல் 25 பாகைக்குள் நிற்க, சில்லுகளின் குவியல் 35 பாகைக்கு அருகிலோ அதற்கு மேலோ நிற்பதை நீங்கள் அளந்தே பார்க்கலாம்.

வடிவம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். அதற்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் இருக்கின்றன: மணி எவ்வளவு நீண்டது அல்லது தட்டையானது, அதன் மூலைகள் எவ்வளவு கூர்மையானவை, அதன் மேற்பரப்பு நுண்ணிய அளவில் எவ்வளவு மேடுபள்ளமானது. மூன்றாவதை நாம் வழக்கமாக உராய்வுக் குணகத்துக்குள் சேர்த்துவிடுகிறோம், அது பெரும்பாலும் சரியே. மூலைகளின் கூர்மை திரளின் வலிமையைக் கூட்டும் என்பதும், ஒரு கட்டத்துக்கு மேல் அந்த ஏற்றமும் தேங்கிவிடும் என்பதும் பலகோண, பன்முக மணிகளைக் கொண்ட சிமுலேஷன்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டவை. நீளம்தான் வியப்பூட்டுவது. நீண்ட மணிகளைக் கொட்டி நிரப்பினால் அவை கண்டபடி கிடக்கும். ஓடத் தொடங்கியதும் ஓடும் திசையை ஒட்டித் திரும்பி வரிசைகொள்ளும், ஆனால் முற்றும் இணையாக அல்ல, ஒரு சிறு கோணத்தில் சாய்ந்தபடி. மணி நீள நீள அந்தச் சாய்வு குறையும். வரிசைகொள்ளும்போது திரள் முதலில் விரிந்து, பிறகு சுருங்கி இறுகுகிறது. அதனால் நீண்ட மணிகளின் ஓட்டத்தைத் தொடக்கத்தில் அளந்த எண்ணும் சற்று நேரம் கழித்து அளந்த எண்ணும் ஒன்றாக இருக்காது.

நீண்ட மணிகளில் உராய்வும் வடிவமும் பின்னிக் கிடப்பது இன்னும் தெளிவாகத் தெரியும். தொடுபுள்ளி உராய்வு அதிகமாக இருக்கும்போது மணி நீள நீளத் திரளின் உராய்வும் கூடிக்கொண்டே போகிறது. தொடுபுள்ளி உராய்வு மிகக் குறைவாக இருந்தாலோ, முதலில் கூடி ஓர் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறைகிறது, ஏனென்றால் வழுவழுப்பான நீண்ட மணிகள் வரிசைகொண்டபின் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக நழுவிச் சென்றுவிடுகின்றன. அதாவது, நீளம் ஓட்டத்தைத் தடுக்குமா, எளிதாக்குமா என்ற கேள்விக்கே உராய்வைச் சொல்லாமல் விடை கிடையாது. குழிந்த வடிவங்களின் கதை இன்னும் வேறு. தாள்களைச் சேர்த்துக் குத்தும் ஸ்டேப்ளர் முள்போல இரு கைகள் மடங்கிய மணிகள் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொண்டு, பசை ஏதுமின்றியே செங்குத்துத் தூணாக நிற்கும். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, கைகள் மிகக் குட்டையாகவும் மிக நீளமாகவும் இல்லாமல் இடைப்பட்ட நீளத்தில் இருக்கும்போது அத்தூண் அதிக நேரம் நிலைப்பதைக் காட்டியது. உருண்டைகளின் உராய்வுக் குணகத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இந்த நடத்தையை அவற்றிடமிருந்து வரவழைக்க முடியாது.

அடுத்து, இடம். இறுகி நிரம்பிய மணித்திரள் உருமாற வேண்டுமானால் முதலில் விரிய வேண்டும் என்று ரெனால்ட்ஸ் 1885இலேயே காட்டினார். ஈரமான கடற்கரை மணலில் கால் வைத்தவுடன் காலைச் சுற்றி மணல் உலர்ந்ததுபோல் வெளுப்பது இந்த விரிவால்தான்: இடைவெளிகள் பெரிதாகி நீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஒழுங்கின்றி நெருங்க அடைந்த உருண்டைகள் மொத்தக் கன அளவில் சுமார் 64 விழுக்காட்டை நிரப்புகின்றன. வில்லை வடிவ மிட்டாய்களை வைத்து 2004இல் நடந்த ஒரு சோதனையில் அது 68 முதல் 71 விழுக்காடு வரை உயர்ந்தது. உருண்டையைச் சற்றே நசுக்கினால் போதும், நெருக்கம் கூடிவிடுகிறது, நெருக்கம் கூடிய திரள் நகர்வதற்கு அதிகமாக விரிய வேண்டியிருக்கிறது. விரிய இடமில்லாத குறுகிய ஹாப்பர் வாயருகே இது எப்படி வேலை செய்யும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். நிற்கும் திரளைக் கிளப்பத் தேவையான சரிவு, ஓடும் திரள் நிற்கும் சரிவைவிட அதிகமாக இருப்பதற்கும் இந்த விரிவு ஒரு காரணம்.

இதுவரை சொன்னது மிக மெதுவான ஓட்டத்துக்குப் பொருந்தும். வேகம் கூடும்போது என்ன ஆகும் என்பதற்கு ஆய்வாளர்கள் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறார்கள்: நிலைம எண். அழுத்தம் ஒரு மணியை அதன் அடுத்த குழிக்குள் தள்ள எடுக்கும் நேரத்தை, ஓட்டம் ஒரு மணியை அடுத்த மணியைத் தாண்டி இழுத்துச் செல்ல எடுக்கும் நேரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். உங்கள் உருண்டைகளையே எடுத்துக்கொள்வோம். விட்டம் 1 மில்லிமீட்டர், கண்ணாடியின் அடர்த்தி கனமீட்டருக்கு 2,500 கிலோகிராம், அழுத்தம் 1,000 பாஸ்கல் என்றால், குழிக்குள் விழும் நேரம் சுமார் 1.6 மில்லிநொடி. ஓட்டத்தின் சறுக்கு வீதம் (ஓர் அடுக்கு அடுத்த அடுக்கைவிட எவ்வளவு வேகமாக நழுவுகிறது என்பதன் அளவு) நொடிக்கு 10 என்றால் நிலைம எண் 0.016 ஆகிறது. 0.001க்குக் கீழே வேகம் பொருட்டல்ல. அங்கிருந்து 0.1 வரையும் அதற்குச் சற்று மேலும் செல்லும் பகுதியே அடர்ந்த ஓட்டம். கண்ணாடி உருண்டைகளின் திரள் உராய்வு மெதுவான எல்லையில் 0.38 அளவிலிருந்து வேகமான எல்லையில் 0.64 வரை ஏறும் என்று நிலைம எண்ணைக் கொண்டு திரளின் உராய்வைச் சொல்லும், 2006இல் வெளியான விதி வழங்கிய எண்கள் இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன. வடிவம் இந்த வளைகோட்டின் தொடக்க மட்டத்தை நன்றாக உயர்த்துகிறது, வேகத்தோடு அது ஏறும் பொதுவான போக்கோ பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இதை நான் நம்பிச் சொல்கிறேன். ஆனால் ஒரு மணியின் படத்தைப் பார்த்து அந்த மட்டம் எவ்வளவு என்று சொல்லிவிடும் பொதுச் சூத்திரம் இதுவரை உருவாகவில்லை. ஒவ்வொரு வடிவத்துக்கும் அளந்துதான் தீர வேண்டும்.

ஹாப்பருக்கு வருவோம். இங்கே பலரும் எதிர்பாராத ஒன்று உண்டு: மணிகள் தடையின்றி விழுந்துகொண்டிருக்கும்வரை, அவை விழும் வீதத்தைத் தொடுபுள்ளி உராய்வு குறைவாகவே பாதிக்கிறது. ஜான்சன் 1895இல் விளக்கியபடி சைலோவின் (தானியம் சேமிக்கும் உயரமான கலத்தின்) சுவர்கள் எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்வதால் அடியில் அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை. ஓட்டமும் நிரப்பிய உயரத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. பெவர்லூவும் உடன் ஆய்ந்தவர்களும் 1961இல் தந்த விதி, வாயின் விட்டத்திலிருந்து மணியின் விட்டத்தின் ஏறத்தாழ 1.4 மடங்கைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை இரண்டரை அடுக்குக்கு உயர்த்தச் சொல்கிறது; ஓட்ட வீதம் அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். விளிம்பை ஒட்டிய ஒரு வளையத்தில் மணிகளால் நுழைய முடியாது என்பதே அந்தக் கழிவின் பொருள். அந்த 1.4 என்னும் எண் மணியின் வடிவத்தோடு மாறும். சில்லுகளுக்கு அது 2 என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டால், 1 மில்லிமீட்டர் மணிக்கு 20 மில்லிமீட்டர் வாயில் ஓட்டம் 8 விழுக்காடு மட்டுமே குறையும். 10 மில்லிமீட்டர் வாயில் 17 விழுக்காடும், 6 மில்லிமீட்டர் வாயில் 30 விழுக்காடும் குறையும். வாய் சிறுக்கச் சிறுக்க வடிவத்தின் பங்கு பெருகுவதை இந்த எண்களில் பார்க்கலாம்.

நின்றுவிடுதல் என்பது ஓட்ட வீதத்திலிருந்து வேறான நிகழ்வு. வாயருகே சில மணிகள் சேர்ந்து ஒரு வளைவாக அமைந்து மேலிருக்கும் சுமையைத் தாங்கிவிட்டால் ஓட்டம் நிற்கும். உராய்வும் வடிவமும் தம் முழு வலிமையைக் காட்டுவது இங்கேதான், ஏனெனில் வளைவில் உள்ள ஒவ்வொரு மணியும் வழுக்காமலும் உருளாமலும் நிற்க வேண்டும். ஒரே அளவுள்ள உருண்டைகளுக்கு வாயின் விட்டம் மணியைப்போல் ஐந்து மடங்கை நெருங்கும்போது அடைப்பு மிக அரிதாகிவிடுகிறது. சில்லுகளுக்கு அதைவிடப் பெரிய வாய் தேவைப்படும். அந்த ஐந்து மடங்கு என்பது அதற்கு மேல் அடைப்பே நிகழாத உண்மையான எல்லையா, அல்லது காத்திருக்க வேண்டிய நேரம் நம் பொறுமையைத் தாண்டிப் பெருகிவிடுவதால் எல்லைபோலத் தோன்றுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. என் கணிப்பு இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. எனினும் ஒரு கருவியை வடிவமைப்பவருக்கு இரண்டில் எது சரியானாலும் வேலை ஒன்றுதான்: வாயைப் பெரிதாக்க வேண்டும், அல்லது அதிரச் செய்ய வேண்டும்.

இனி உங்கள் சிமுலேஷன். கண்டலும் ஸ்ட்ராக்கும் 1979இல் வெளியிட்ட முறையின் வழியில்தான் இன்றும் பெரும்பாலோர் ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள், உருண்டையே அதற்கு மலிவான வடிவம். உருண்டைகளின் வழுக்கு உராய்வை மட்டும் கூட்டினால் 0.5க்கு மேல் பயன் கிடைக்காது என்பதற்கான காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். உருளுதலுக்கும் ஒரு தடையைச் செயற்கையாகச் சேர்ப்பது நல்ல அடுத்த படி. திரளின் உராய்வு எவ்வளவு என்ற கேள்வியை மட்டும் பொறுத்தவரை, உருளல் தடை ஏற்றிய வட்டங்கள் பலகோண மணிகளுக்கு ஈடாக நிற்கின்றன என்று இருபரிமாணச் சிமுலேஷன்களில் நிறுவியிருக்கிறார்கள். ஆனால் மணிகள் வரிசைகொள்வது, தொடக்கத்தில் விரிந்து பின் இறுகுவது, எவ்வளவு நெருக்கமாக அடைகின்றன என்பது ஆகியவற்றை உருண்டை காட்டாது. பல உருண்டைகளை ஒட்டிச் செய்த கூட்டுமணிகள் நீளத்தைச் சரியாகக் காட்டும், தட்டை முகங்களைக் காட்டா. பன்முக மணிகள் எல்லாவற்றையும் காட்டும், கணினி நேரத்தை விழுங்கும்.

இதில் நான் செய்த ஒரு தவறை நீங்கள் தவிர்க்க முடியும் என்பதால் சொல்கிறேன். தொடக்கக் காலத்தில் ஒரு திட்டத்துக்காக, வழுக்கு உராய்வையும் உருளல் தடையையும் மாற்றி மாற்றிக் குவியலின் கோணம் அளந்த கோணத்தோடு பொருந்தும்வரை வந்து, அத்தோடு நிறுத்திவிட்டேன். குவியல் சரியாக அமைந்தது, ஹாப்பரில் அடைப்பு எத்தனை முறை வரும் என்ற கணிப்போ முற்றிலும் பொய்த்தது. ஒரே குவியற் கோணத்தைத் தரக்கூடிய வழுக்கல்–உருளல் இணைகள் எண்ணற்றவை இருக்கின்றன என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. இரண்டு மாறிகளைத் தீர்க்கக் குறைந்தது இரண்டு வேறுபட்ட சோதனைகள் வேண்டும். குவியலோடு, சறுக்குப் பெட்டியில் (திரளின் மேல்பாதியைக் கீழ்பாதிமேல் நழுவச் செய்து விசையை அளக்கும் கருவியில்) அளந்த வலிமையையோ ஹாப்பர் காலியாகும் நேரத்தையோ நிரப்பிய அடர்த்தியையோ சேர்த்துப் பொருத்துங்கள்.

நான் சொன்னதெல்லாம் உலர்ந்த, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மணிகளுக்கே பொருந்தும். அதைவிட நுண்ணிய தூளில் மணிகளுக்கிடையேயான ஈர்ப்பும் இடையில் சிக்கிய காற்றும் ஆட்சி செய்யத் தொடங்கும், சிறிது ஈரம் புகுந்தாலும் கணக்கு மாறிவிடும். இன்னொரு எல்லை, ஓட்டம் நிற்கப்போகும் தறுவாயும், மணிகள் சில அடுக்குகளே தடிப்பாக ஓடும் மெல்லிய படலங்களும். அங்கே ஓர் இடத்தின் அழுத்தத்தையும் தகைவையும் மட்டும் வைத்து அந்த இடத்தின் ஓட்டத்தைச் சொல்ல முடிவதில்லை, பக்கத்து மணிகளின் அசைவு இங்கும் பரவுகிறது. இதைக் கணக்கில் கொள்ளும் கோட்பாடுகள் பெரும்பாலும் உருண்டைகளையும் வட்டங்களையும் வைத்தே சரிபார்க்கப்பட்டவை. உங்கள் சில்லுகள் நின்று நின்று ஓடுவது இந்த எல்லையருகே நடப்பதால், எந்தச் சூத்திரத்திலிருந்தும் துல்லியமான எண்ணை எதிர்பார்க்காதீர்கள்.

உங்களிடம் ஒரே கண்ணாடியில் இரு வடிவங்கள் இருப்பது அரிய வாய்ப்பு. உருண்டைகளில் ஒரு பகுதியை எடுத்து நுண்ணிய தேய்ப்புத் தூளோடு உருளையில் சுழற்றுங்கள். வடிவம் மாறாமல் மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பாகும். சில்லுகளில் ஒரு பகுதியைத் தனியே நெடுநேரம் சுழற்றுங்கள். மூலைகள் மழுங்கும். அமிலம் கொண்டு அரிக்கும் வழியைத் தவிர்த்துவிடுங்கள், கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உயிருக்கே ஆபத்தானது. பிறகு இரண்டையும் தூசி போகக் கழுவி, நன்கு உலர்த்தி, அதே சல்லடையில் மறுபடி சலித்து, நான்கு வகைகளுக்கும் குவியற் கோணத்தையும் அடைப்புக்கு முன் விழுந்த எடையையும் பலமுறை அளந்து பாருங்கள். சொரசொரப்பான உருண்டைகளின் கோணம் சில பாகைகள் ஏறி நின்றுவிடும் என்றும், மூலை மழுங்கிய சில்லுகளின் கோணம் அதைவிடப் பெரிய அளவில் இறங்கும் என்றும் எதிர்பார்க்கிறேன். அளந்த எண்களை இங்கே இட்டால், உங்கள் சிமுலேஷனுக்கு எந்த வழுக்கல்–உருளல் இணையிலிருந்து தொடங்கலாம் என்பதை அவற்றை வைத்தே சேர்ந்து பார்க்கலாம்.